அறிவியல் நிலையத்திற்கு அப்பத்தாவையும் அழைத்துப் போகலாமா?

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கிறோம். மகள் தொடக்கநிலை 3 படிக்கிறாள், வயது ஒன்பது. மகனுக்கு ஐந்து. சென்ற ஆண்டு இறுதி விடுமுறையில் ஜூரோங்கிலுள்ள அறிவியல் நிலையத்திற்குப் போனோம். காலை பத்து மணிக்கு நுழைந்து மாலை வரை ஒன்றுவிடாமல் பார்த்தோம். மகன் ஓடிக்கொண்டே இருந்தான். பிற்பகலில் தரையில் படுத்து அழுதான். மகளுக்காக நான் அச்செடுத்துக் கொண்டுபோன பயிற்சித்தாளை அவள் பாதியிலேயே மடித்து என் பையில் செருகிவிட்டாள். கணவர் எல்லாப் பலகைகளையும் உரக்கப் படித்து விளக்கினார். கேட்கத்தான் ஆள் இல்லை. வீட்டுக்கு வந்து "என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டால், "பசித்தது" என்கிறாள். ஜூன் விடுமுறையில் மறுபடியும் போகலாம் என்கிறார் கணவர். நான் வணிகவியல் படித்தவள்; பிள்ளைகள் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல எனக்கு அறிவியல் தெரியாது. காசும் நேரமும் வீணாகாமல் எப்படித் திட்டமிடுவது? இன்னொன்று. புதுக்கோட்டையிலிருந்து என் மாமியார், அதாவது பிள்ளைகளின் அப்பத்தா, வந்திருக்கிறார். எழுபத்தொரு வயது, முழங்கால் வலி, ஆங்கிலம் தெரியாது. அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போவதா, அழைத்துப் போவதா?

பதில்:

அன்புள்ள ஈசூன் வாசகிக்கு,

உங்கள் மாமியாரைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். கடிதத்தின் கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்தக் குடும்பத்தில் அறிவியல் கூடத்துக்கு மிகவும் பொருத்தமான ஆள் அவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்பதையும் முழங்காலுக்கு என்ன செய்வது என்பதையும் பிறகு பார்ப்போம்.

மகள் சொன்ன 'பசித்தது' என்ற பதிலைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காலையிலிருந்து மாலை வரை நடந்து, நின்று, வரிசையில் காத்திருந்து, கண்ணில் பட்ட பொத்தான்களையெல்லாம் அழுத்தி, நடுவே அம்மா நீட்டும் தாளிலும் எழுத வேண்டுமென்றால், அன்றைய நாளில் ஒரு குழந்தை ஐயமறக் கண்டறியும் உண்மை பசியாகத்தான் இருக்கும்.

நானும் இதே தவறைச் செய்தவள்தான். அதுவும் ஒரு வகுப்புப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு. ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில் அவர்களை ஓர் அறிவியல் கூடத்துக்கு அழைத்துப் போனேன். முதல்நாள் இரவு கண்விழித்து இருபத்திரண்டு கேள்விகளுடன் ஒரு பயிற்சித்தாள் தயாரித்திருந்தேன்; அதில் எனக்குப் பெருமை வேறு. பிள்ளைகள் உள்ளே நுழைந்ததும் காட்சிப்பொருள்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, விளக்கப் பலகைகளைப் பார்த்து விடைகளை எழுதத் தொடங்கினார்கள். இருபத்திரண்டும் சரியான விடைகள். ஆனால் யாருடைய கையும் எதிலும் படவில்லை. ஒரே ஒரு பையன் மட்டும் தாளை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தான். சுழலும் தட்டு ஒன்றின்மேல் வட்டவில்லைகளை உருட்டிவிட்டு, அவை விழாமல் ஓடும் விந்தையைப் பார்த்துக்கொண்டு முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றிருக்கிறான். திரும்பும் பஸ்ஸில் நான் கடிந்துகொண்டது அவனைத்தான். பிறகு பல ஆண்டுகள் காட்சிக்கூடத் தளத்திலேயே நின்று குடும்பங்களுக்கு வழிகாட்டும் வேலை பார்த்தேன். அந்தப் பையனைப் போன்ற பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளே உறுத்தும்.

ஆகவே பயிற்சித்தாளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

அடுத்தது 'ஒன்றுவிடாமல்'. கட்டணம் கட்டியாயிற்று, முழுவதையும் பார்த்துவிட வேண்டும் என்ற கணக்கு நம் எல்லோருக்கும் உண்டு. பஃபே விருந்தில் தட்டை நிரப்பிக்கொள்ளும் அதே கணக்கு. வயிறு மறுப்பதைப் போலவே மூளையும் ஒரு கட்டத்தில் மறுத்துவிடும். இது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததன்று. அமெரிக்காவில் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் என்பவர் 1916இலேயே 'அருங்காட்சியகக் களைப்பு' பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பெட்டிகளுக்குள் இருப்பதைப் பார்ப்பதற்காக ஒரு மனிதர் குனிந்தும் வளைந்தும் கழுத்தை நீட்டியும் படும் பாட்டைப் படம் பிடித்தே காட்டினார். அங்கே அது வளர்ந்த ஆண்மகனின் களைப்பு. உங்கள் மகனோ மூன்றரை அடி உயரம், ஐந்து வயது. அவன் தரையில் படுத்தது எனக்கு வியப்பாக இல்லை. பிற்பகல் வரை தாக்குப்பிடித்ததுதான் வியப்பு.

என் கணக்கு இது: ஒரு வருகைக்கு ஐந்து காட்சிப்பொருள்கள். ஆறாவதைப் பார்த்தால் தப்பில்லை, ஆனால் ஐந்து என்று மனத்தில் வைத்துக்கொண்டு போங்கள். இரண்டை மகள் தேர்ந்தெடுக்கட்டும், இரண்டை மகன், ஒன்றை அப்பத்தா. நீங்களும் கணவரும் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். உள்ளே போனதும் முதல் கால் மணி நேரம் சும்மா சுற்றவிடுங்கள். எல்லாவற்றையும் தொட்டு, அழுத்தி, ஓடி, மகன் தன் வெறியைத் தணித்துக்கொள்வான். அதன் பிறகு தேர்வு.

தேர்ந்தெடுத்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்பது? பிள்ளைக்கு அலுக்கும் வரை. பின்னால் வேறு பிள்ளைகள் காத்திருந்தால் முறைவிட்டு மறுபடியும் வரிசையில் சேர்ந்துகொள்ளுங்கள். காட்சிக்கூடத்தில் இத்தனை ஆண்டுகள் நின்று நான் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. முதல் தடவை பொத்தானை அழுத்தும்போது, அதை வடிவமைத்தவர் காட்ட நினைத்தது நடக்கும். இரண்டாவது தடவை பிள்ளை அதை உறுதிப்படுத்திக்கொள்ளும். மூன்றாவது, நான்காவது தடவையில்தான் "பாதியில் விட்டால்?", "வேகமாகச் சுற்றினால்?", "தங்கச்சியைப் பிடிக்கச் சொன்னால்?" என்று தன் சொந்தச் சோதனையைத் தொடங்கும். பெரும்பாலான பெற்றோர் இரண்டாவது தடவையோடு கையைப் பிடித்து இழுத்துப் போய்விடுகிறார்கள்.

இந்த மாதிரிக் கூடங்கள் பிறந்ததே அந்த நான்காவது தடவைக்காகத்தான். 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ்புளோரட்டோரியத்தைத் தொடங்கிய ஃபிராங்க் ஓப்பன்ஹைமர், அணுகுண்டுத் திட்டத்தில் பெயர்பெற்ற ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி. அவரும் இயற்பியலர்தான். கம்யூனிஸ்டுகளைத் தேடித்தேடி ஒதுக்கிய காலத்தில் பல்கலைக்கழக வேலையை இழந்தார், கொலராடோவில் மாடு வளர்த்தார், பிறகு ஒரு சிற்றூர் உயர்நிலைப்பள்ளியில் அறிவியல் கற்பித்தார். பிள்ளைகளைப் பழைய சாமான்கள் குவிந்து கிடக்கும் இடத்துக்கு அழைத்துப் போய், உடைந்த இயந்திரங்களை வைத்துக்கொண்டு பாடம் நடத்தியவர். தொடாதே என்ற பலகைக்கு இடமில்லாத ஓர் அருங்காட்சியகத்தை அப்படிப்பட்டவர் கட்டியதில் வியப்பில்லை. அவருக்கு முன்பே மியூனிக்கிலும் பாரிசிலும் லண்டனிலும் பொத்தான் அழுத்திப் பார்க்கும் கூடங்கள் இருந்தன. அவற்றைப் பார்த்துத்தான் அவரும் ஊக்கம் பெற்றார். நம்முடைய அறிவியல் நிலையம் திறக்கப்பட்டது 1977 டிசம்பரில்.

உங்கள் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை. பலகைகளை உரக்கப் படித்தது அவருடைய அன்புதான், அதில் ஐயமே இல்லை. ஆனால் விடுகதை போட்டவரே உடனே விடையையும் சொல்லிவிட்டால் யார் உட்கார்ந்து கேட்பார்கள்? பிள்ளைகள் மூன்று தடவை செய்து பார்க்கும் வரை பலகைப் பக்கம் அவர் திரும்பக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். அதுவரை அவர் கேட்கலாம், ஆனால் ஒரே ஒரு கேள்வி: "இப்போது என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்?" ஊகம் சொன்ன பிறகுதான் கை வைக்க வேண்டும். ஊகம் தவறிப்போகும் கணத்தில் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். நான் அந்தத் தொழிலில் அத்தனை ஆண்டுகள் இருந்ததே அந்த முகத்துக்காகத்தான்.

விளக்கம் சொல்லும் கட்டம் வரும்போது இன்னொன்றையும் கவனிக்கச் சொல்வேன். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலக் குழந்தைகள் அருங்காட்சியகம் ஒன்றில் குடும்பங்கள் இயல்பாகப் பேசிக்கொள்வதைப் படம்பிடித்து ஆராய்ந்தார்கள். கெவின் குரோலியும் அவருடைய குழுவினரும் 2001இல் அதை வெளியிட்டார்கள். ஒரு காட்சிப்பொருளை எப்படி இயக்குவது என்பதை ஆண் குழந்தை, பெண் குழந்தை இருவரிடமும் பெற்றோர் ஒன்றுபோலவே பேசினார்கள். ஆனால் அது ஏன் அப்படி நடக்கிறது என்று விளக்கியதில் மட்டும் ஆண் பிள்ளைகளுக்கு மும்மடங்கு கிடைத்தது. அத்தனை பேரும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள். பெற்றோருக்கு இதில் உள்நோக்கம் ஏதும் இருந்திருக்காது. தாங்கள் அப்படிச் செய்வதை அவர்கள் அறியாமலே இருந்திருக்கலாம். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. உங்கள் மகள் தாளோடு தனியாகவும், மகன் அப்பாவோடும் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள் என்று என் மனம் படித்துக்கொண்டது. ஒருவேளை நான் அதிகமாகப் படித்திருக்கலாம். இந்தத் தடவை கணவர் பாதி நேரம் மகளோடு இருக்கட்டும், நீங்கள் மகனோடு ஓடுங்கள்.

'எனக்கு அறிவியல் தெரியாது' என்று வருந்துகிறீர்கள். உங்களுக்குக் கிடைத்திருக்கும் நல்ல வாய்ப்பு அது. எனக்கு விடை தெரியும் என்பதாலேயே எத்தனையோ குழந்தைகளின் கேள்வியை நான் பாதியில் கொன்றிருக்கிறேன். "தெரியாது, செய்து பார்ப்போமா?" என்று சொல்லும் அம்மாவிடம் குழந்தை கூடுதலாக நேரம் ஒதுக்கும். போவதற்கு முதல்நாள் இரவு வீட்டிலேயே ஒரு ஒத்திகை பார்க்கலாம். தொடக்கநிலை 3இல் காந்தம் பாடமாக வருகிறது அல்லவா? குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உண்டியலைக் கவிழ்த்துப் பத்துக் காசு, இருபது காசு, ஐம்பது காசு நாணயங்களைக் கொட்டி, எது ஒட்டும், எது ஒட்டாது என்று முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள். 2013இல் வெளிவந்த புதிய வரிசை நாணயங்கள் ஒட்டும்; அவற்றின் உள்ளே எஃகு இருக்கிறது. அதற்கு முந்தைய வரிசையின் அதே மதிப்புள்ள நாணயங்கள் ஒட்டா. அவை செம்பும் நிக்கலும் கலந்தவை. பார்ப்பதற்கு இரண்டும் வெள்ளி நிறம்தான். 'உலோகம் எல்லாம் காந்தத்தில் ஒட்டும்' என்று மகள் நினைத்துக்கொண்டிருந்தால் அந்த நம்பிக்கை அங்கேயே உடையும். கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தால், நிக்கல் காந்தத்தில் ஒட்டும் என்று புத்தகத்தில் இருக்கிறதே, நிக்கல் கலந்த பழைய காசு ஏன் ஒட்டவில்லை என்று கேட்பாள். செம்பு நான்கில் மூன்று பங்கு கலந்துவிட்டால் நிக்கலின் அந்தக் குணம் அடங்கிப்போகிறது. உங்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது; அவளிடம் உடனே சொல்லிவிடாதீர்கள்.

இனி அப்பத்தா.

அவருக்கு ஆங்கிலம் தெரியாததால் பலகைகளைப் படிக்க முடியாது. நல்லதாயிற்று. அவர் பொருளைத்தான் பார்ப்பார். புதுக்கோட்டைப் பக்கம் எழுபத்தொரு வயது என்றால், பம்புசெட்டுக்கு முந்தைய கிணற்றை அவர் சிறுவயதில் பார்த்திருக்க நல்ல வாய்ப்பிருக்கிறது. கேட்டுப் பாருங்கள். ஒரே எடையை ஒரு கப்பி, இரண்டு கப்பி, நான்கு கப்பி வழியாகத் தூக்கிப் பார்க்கும் அமைப்பு தொட்டுப் பார்க்கும் கூடங்களில் ஏதோ ஒரு வடிவில் பெரும்பாலும் இருக்கும். அதன்முன் அப்பத்தாவை உட்காரவைத்து, "இது மாதிரி உங்கள் ஊரில் இருந்ததா?" என்று பேரப்பிள்ளைகளே கேட்கட்டும். ராட்டினம் என்பார், சகடை என்பார், கமலை என்பார். மாட்டைப் பூட்டி இறைத்த கமலையில், மாடுகள் ஏன் சரிவில் இறங்கி நடந்தன தெரியுமா? இறங்கும்போது மாட்டின் எடையும் சேர்ந்து, தண்ணீர் மொள்ளும் சால் என்ற பாத்திரத்தை இழுக்கும். மேலே இருக்கும் ஒற்றைக் கப்பி பாரத்தைக் குறைப்பதில்லை, இழுக்கும் திசையை மட்டும் மாற்றித் தருகிறது. பாரத்தோடு சேர்ந்து நகரும் இரண்டாவது கப்பி வந்தால்தான் இழுக்கும் விசை பாதியாகும். அதற்கு விலையாக ஒரு மீட்டர் தூக்க இரண்டு மீட்டர் கயிற்றை இழுக்க வேண்டும். இதைப் பிள்ளைகளின் கை உணர்ந்த பிறகு, "எங்க ஊர்ல இந்த ரெண்டாவது சக்கரம் கிடையாது" என்று அப்பத்தா சொன்னால், அதைவிட நல்ல பாடக்குறிப்பு எந்தத் துணைப்பாட வகுப்பிலும் கிடைக்காது.

நெருப்புச் சுழல் காட்சியையும் அவருக்காகவே சிபாரிசு செய்கிறேன். நம் அறிவியல் நிலையத்தின் பெயர்பெற்ற காட்சி அது. நெருப்பு ஆள் உயரத்துக்கு மேல் எழுந்து, முறுக்கிய தூணாக நின்று சுழலும். சூடான காற்று மேலே ஏறுகிறது. அது விட்டுப்போன இடத்தை நிரப்பப் பக்கத்துக் காற்று உள்ளே பாய்கிறது. நேராகப் பாயாமல் சாய்வாக நுழையும்படி வழி அமைத்துவிட்டால், அந்தக் காற்று சுற்றிக்கொண்டே நுழையும்; நடுவை நெருங்க நெருங்க வேகம் கூடும். கையை விரித்துச் சுழன்றுவிட்டு, கையை மார்போடு சேர்த்தால் வேகம் கூடுமே, அதே கதைதான். உங்கள் மகள் வீட்டுக் கூடத்திலேயே சுழன்று பார்த்துக்கொள்ளலாம். நாற்காலிகளை மட்டும் தள்ளிவையுங்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் பொட்டல்வெளியில் புழுதியையும் சருகையும் தூக்கிக்கொண்டு சுழன்றோடும் சூறைக்காற்றைப் பார்த்ததில்லை. அப்பத்தா பார்த்திருப்பார். அதைப் பேய்க்காற்று என்று சொல்லிப் பயமுறுத்திய கதையும் அவரிடம் இருக்கும். நெருப்புக்குப் பதில் வெயிலில் காய்ந்த தரை. மற்றபடி இரண்டும் உறவுக்காரர்கள்.

இதில் எனக்கு இன்னோர் ஆசையும் உண்டு. நம் பிள்ளைகள் அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். தமிழ் அவர்களுக்குத் தாய்மொழிப் பாடவேளையில் வந்துபோகும் விருந்தாளி. காந்தம், கப்பி, நெம்புகோல், சுழல் என்ற சொற்களை அவர்கள் ஒரு பொருளைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்கும் வாய்ப்பு எத்தனை முறை வாய்க்கும்? அப்பத்தாவோடு போனால் ஒரு காலைப்பொழுது முழுவதும் வேறு வழியில்லை, தமிழில்தான் பேசியாக வேண்டும். மகள் திணறட்டும். பலகையில் இருப்பதைத் தமிழில் சொல்லிக் காட்டும் வேலையை அவளிடமே கொடுங்கள். புரியாத எதையும் தன் அப்பத்தாவுக்குப் புரியும்படி சொல்ல முடியாது. எனவே புரிந்ததா என்று நீங்கள் தனியாகச் சோதிக்கத் தேவையில்லை.

பயண ஏற்பாட்டை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வார நாள் காலை, கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். டிக்கெட்டை இணையத்தில் முன்பே வாங்குங்கள்; அந்த வாரத் திறப்பு நேரத்தையும் காட்சி நேரங்களையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். ஈசூனிலிருந்து ஜூரோங் ஈஸ்ட் வரை வண்டி மாறாமல் ஒரே ரயில். அங்கிருந்து நடக்கும் தூரம்தான் என்றாலும் முழங்காலை முன்னிட்டு பஸ்ஸோ டாக்சியோ எடுங்கள். சக்கர நாற்காலி கிடைக்குமா என்று முன்பே கேட்டு வையுங்கள். வேண்டாம் என்று மாமியார் மறுப்பார்கள், நீங்கள் வற்புறுத்தாதீர்கள், பக்கத்தில் இருந்தால் தானாகவே உட்கார்ந்துகொள்வார்கள். குளிர்சாதனம் கடுமையாக இருக்கும், ஒரு சால்வை. கையில் தயிர்சாதமோ எலுமிச்சைச் சாதமோ. பதினொன்றே முக்கால் ஆனதும் பிள்ளைகளுக்குப் பசிக்கிறதா என்று கேட்காமலே உட்காரவைத்து ஊட்டுங்கள். சென்ற முறை தவறியது இந்த ஒரு விஷயத்திலும்தான்.

மின்பொறி பறக்கும் டெஸ்லா சுருள் காட்சிக்குப் போவதானால் இரண்டு எச்சரிக்கை. சத்தம் பெரிது, ஐந்து வயதுப் பிள்ளை மிரளலாம். கதவுக்குப் பக்கத்தில் நின்று, காதைப் பொத்திக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். உங்கள் மாமியாருக்கு இதயமுடுக்கி பொருத்தியிருந்தால் அவர் அந்தக் காட்சியையும் வலுவான காந்தங்களையும் தவிர்த்துவிட வேண்டும். கண்ணாடிப் புதிர்ப்பாதையில் நுழைந்தால் கையை முன்னே நீட்டிக்கொண்டு மெதுவாக நடக்க வேண்டும்; கண்ணாடியை நம்புகிறவர்கள் மூக்கில் அடிவாங்குவார்கள், நான் வாங்கியிருக்கிறேன். முழங்கால் வலிக்காரருக்கு அது வேண்டாம்.

கிட்ஸ்டாப் பக்கம் மகன் இழுப்பான். 2014இல் திறந்த அந்தக் கூடம் பதினெட்டு மாதம் முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது, தனி டிக்கெட். உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டிவிட்டாள். தம்பி விளையாட அக்கா பைகளைக் காவல்காத்துக்கொண்டு உட்காரும் காட்சியை நான் எண்ணற்ற முறை பார்த்திருக்கிறேன். எனவே இந்தப் பயணத்தில் அது வேண்டாம். அவனும் அப்பாவும் மட்டும் இன்னொரு சனிக்கிழமை போய்வரட்டும். குவிமாடத் திரையரங்கான ஓம்னி தியேட்டருக்கும் தனி டிக்கெட்தான். இருட்டில் சாய்ந்து உட்காரலாம் என்பதால் அப்பத்தாவின் கால்களுக்கு நல்லது, ஆனால் அதையும் ஐந்தில் ஒன்றாகக் கணக்கு வையுங்கள்.

ஒரு மணியைப் போல் கிளம்பிவிடுங்கள். பிள்ளைகள் "இன்னும் கொஞ்சம்" என்று கெஞ்சும்போது கிளம்புவதுதான் சரியான நேரம். பார்க்காமல் விட்டவை அங்கேயே இருக்கும். மறுமுறை வர ஒரு காரணமாகும். ஜூரோங் லேக் கார்டன்ஸில் புதிய கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது, இந்தப் பழைய கட்டடத்துக்கு இன்னும் சில வருகைகள் பாக்கி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் ரயிலில் "என்ன கற்றுக்கொண்டாய்?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அதற்குப் பதிலாக, ரயில் நிலையத்துக்குள் நுழையும் முன்பே ஒரு நெகிழித் தண்ணீர்ப் புட்டியை ஏறத்தாழ முழுவதும் நிரப்பி, ஒரே ஒரு காற்றுக்குமிழி மட்டும் மிஞ்சும்படி இறுக்கி மூடிக்கொள்ளுங்கள். பக்கவாட்டு இருக்கையில் உட்கார்ந்து, மகள் மடியில் அதைப் படுக்கவைத்தால் புட்டி ரயில் போகும் திசையில் கிடக்கும். ரயில் கிளம்பும்போது நாமெல்லாம் பின்னால் சாய்வோம். அந்தக் குமிழி மட்டும் முன்னால் ஓடும். ரயில் நிற்கும்போது நாம் முன்னால் சாய, குமிழி பின்னால் போகும். தண்ணீர் குமிழியைவிடக் கனமானது, பின்தங்கும் போட்டியில் தண்ணீர்தான் வெல்லும் என்பது விடை. அதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து ஈசூன் வருவதற்குள் வண்டி பதினொரு முறை கிளம்பும், பதினொரு முறை நிற்கும். புக்கிட் பாத்தோக்கில் தவறிய ஊகத்தை கிராஞ்சிக்குள் திருத்திக்கொள்ளலாம். அப்பத்தாவையும் ஊகம் சொல்லச் சொல்லுங்கள். புட்டியின் மூடியை மட்டும் யாரும் திறந்துவிட வேண்டாம்; ரயிலில் தண்ணீர் குடித்தால் 500 வெள்ளி வரை அபராதம்.